குஸ்னானுக்கு மட்டும் எழுதிய வசை

தர்முஜிக்கு வந்த கஷ்டத்தை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எட்டு மாதமாக ஒரு மனிதன் அவரை மரியாதையாக நடத்துகிறான். அவ்வளவுதான் கஷ்டம். "ஐயா" என்கிறான், "வாங்க" என்கிறான், அவர் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருகிறான். இதற்குப் போய் ஒரு மனுஷனுக்குச் சோறு இறங்காதா என்று கேட்பீர்களானால், நீங்கள் இந்தோனேசியாவின் சுரபாயாவில் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த ஊரில் ஒருவன் உங்களை 'ஜன்ச்சோக்' என்று கூப்பிட்டால் இரண்டில் ஒன்று. உங்களை அடிக்க வருகிறான், இல்லையென்றால் உங்களுக்காக வேறு எவனையோ அடிக்கப் போகிறான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்காதீர்கள், எழுதக் கூசுகிறது. அர்த்தத்தை நினைத்துக்கொண்டு இங்கே யாரும் அதைச் சொல்வதுமில்லை. மரியாதைப் பேச்சு முன்பின் தெரியாதவர்களுக்கு, மாமனாருக்கு, ஆபீசருக்கு. சின்ன வயதிலிருந்து கூடப் படுத்துப் புரண்டு வளர்ந்த கூட்டாளி திடீரென்று ஒருநாள் "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறான் என்று பொருள்.

தர்முஜிக்கு அந்தக் கதவைச் சாத்தியவர் குஸ்னான். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களில் மத்தளம் வாசிக்கிறவர். தர்முஜி பாட்டு எழுதுகிறவர். பாட்டு எழுதினால் வயிறு நிறையாது என்பதால் வொனோக்ரோமோ ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையும் வைத்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு. எழுதியது நூற்றுக்கு மேல் இருக்கும். ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று பிறந்தது எண்பத்தெட்டில். குஸ்னான் மரம் வெட்டக் கடல் தாண்டிக் கலிமந்தான் காட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கடிதம் கிடையாது. காட்டில் பாம்பு கடித்துச் செத்துவிட்டான் என்றார்கள், ஆற்றோடு போய்விட்டான் என்றார்கள். தர்முஜி கப்பல் வரும் நாளெல்லாம் துறைமுகத்துக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார். தெருவில் எந்த வீட்டில் பந்தி போட்டாலும் குஸ்னான் பங்கு மஞ்சள் சோற்றையும் கேட்டு வாங்கி வந்து மூடி வைப்பார். மறுநாள் எறும்புதான் தின்னும். ஒருநாள் கப்பல் ஏணியில் எலும்பும் தோலுமாக ஒருத்தன் இறங்கி வந்தான். அடையாளம் தெரிந்ததும் தர்முஜி இருநூறு பேர் திரும்பிப் பார்க்க அந்த வார்த்தையைச் சொல்லிக் கத்தினார். கத்திவிட்டு அழுதார். அன்று சாயங்காலமே பாட்டு வந்துவிட்டது:

கப்பல் வந்தா ஓடி வந்தேன், கடுதாசி காணோம்
பந்திச் சோத்துல உன் பங்கு எறும்பு தின்னு போச்சு
எங்கடா போன, ஜன்ச்சோக், எங்கடா போன
இளைச்சுப் போயிட்டியே, சாப்பிட்டியாடா?

முழுப் பாட்டிலும் வசை ஒன்றுதான். அதற்குமேல் ஒன்று போட்டிருந்தாலும் கெட்டிருக்கும். கல்யாண மேடைகளில் மூன்றாவது வரி வரும்போது கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாலாவது வரி வரும்போது, மகனைக் கப்பலேற்றியவர்கள் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். குஸ்னான் மத்தளத்தின் பின்னாலிருந்து, "ஆமாண்டா, இளைச்சுத்தான் போனேன், உன்னை மாதிரி ஊரான் வீட்டுப் பந்தியில தின்னு ஊதினேனா?" என்று கத்துவார். அதுவும் பாட்டில் சேர்ந்தது என்றே ஜனம் நினைத்தது.

நாலு வருஷம் கழித்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். பாட்டு தங்கம் என்றார். ஆனால் அந்த வார்த்தை இருந்தால் ரேடியோவில் போடமாட்டார்கள், அதை எடுத்துவிட்டுக் 'கண்மணி' என்று வைத்துக்கொள்வோம் என்றார். தர்முஜிக்கு அப்போதுதான் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. சரியென்றுவிட்டார். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி குழைந்து குழைந்து "எங்கே போனாய், கண்மணி" என்று பாடினாள். சோற்றை எடுத்துவிட்டு ரோஜாப்பூ வைத்தார்கள். எறும்புக்கு வேலையில்லாமல் போயிற்று. குஸ்னான் கேசட்டைக் கேட்டுவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தார்.

"கண்மணியா? நானா? டேய், என் மூஞ்சியப் பாத்துச் சொல்றா!"

"வயித்துப் பாட்டுக்கு எழுதறேண்டா. வாய மூடு."

"மூடறேன் கண்மணி."

அதற்கப்புறம் தொண்ணூற்றெட்டில் முப்பது வருஷமாக இருந்த ஆட்சி மாறிற்று. எல்லார் வாயும் ஒரே நாளில் திறந்துகொண்டது. அதே கம்பெனிக்காரர் ஓடி வந்தார். இப்போது வசை இல்லாத பாட்டு விலை போகாதாம், வரிக்கு ஒன்று வேண்டுமாம். ஆறு வருஷம் வாயை அடைத்து வைத்திருந்தவரும் நீர்தானே ஐயா என்று தர்முஜிக்குக் கேட்க வந்தது. கேட்கவில்லை. அவருக்கும் உள்ளே நிறைய சேர்ந்திருந்தது. மந்திரியைத் திட்டினார், போலீஸைத் திட்டினார், மின்சாரக் கட்டணத்தைத் திட்டினார், மாமியாரைக்கூட விடவில்லை. ஒரே பாட்டில் பதினோரு வசை இருந்ததாக அவர் மனைவி விவிக் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"ஏங்க, இதுல ஒண்ணாவது எனக்கா?" என்று கேட்டாள்.

"உனக்கு இல்ல."

"அப்ப எதுக்கு நான் துணி துவைக்கும்போதெல்லாம் இதைக் கேக்கணும்?"

முதல் இரண்டு கேசட் பறந்தது. மூன்றாவது கேசட்டை யாரும் சீந்தவில்லை. காய்கறிக்காரன் தூக்கத்தில் முனகுகிற வார்த்தையைப் பாட்டில் வைத்தால் யாருக்கு என்ன ஆச்சரியம்? அந்த நாளில்தான் காப்பிக் கடையில் குஸ்னான் ஒரு வார்த்தை சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

"டேய், ஊரையே இப்படித் திட்டித் தீத்துட்டா, என்னைத் திட்டறதுக்கு என்னடா மிச்சம் வெச்சிருக்க?"

தர்முஜி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போதே போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்!

போன வருஷக் கடைசியில் மகள் அனுப்பி வைத்து, தர்முஜியும் விவிக்கும் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போய் வந்தார்கள். கஅபா முன்னால் நின்றபோது தர்முஜிக்குத் தன் வாயை நினைத்து வெட்கமாக இருந்தது. இனி இந்த வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது என்று அங்கேயே நேர்ந்துகொண்டார். நல்ல நேர்ச்சைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தன் வாய்க்கு நேர்ந்துகொண்டவர், அடுத்தவன் வாயையும் அதில் சேர்த்ததுதான் தப்பு.

ஊர் திரும்பிய நாலாம் நாள் மத்தியானம் வீட்டில் விருந்து. கூடத்தில் பாய் விரித்து, தொழுகைக் குழுவின் உஸ்தாது, வார்டுத் தலைவர் ஹரியந்தோ, மகளின் மாமனார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி சோலோ ஊர்க்காரர். சோலோக்காரர்கள் இருமுவதற்குக்கூட அனுமதி கேட்டுவிட்டு இருமுகிறவர்கள். அவர் பக்கத்தில் தர்முஜி வெள்ளைத் தொப்பியும் புதுத் தாடியுமாக, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது வாசலில் குஸ்னான் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"ஜன்ச்சோக்! மெக்கா வரைக்கும் போயும் உன் தொப்பை குறையலியாடா?"

உஸ்தாது சிரித்துவிட்டார். அவர் இந்த ஊரில் பிறந்தவர். சம்பந்தி மட்டும் கையிலிருந்த காப்பியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அந்த அசையாமையைப் பார்த்ததும் தர்முஜிக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

"குஸ்னான், இது சந்தையில்ல. பெரிய மனுஷங்க உக்காந்திருக்காங்க. இனிமே இந்த வீட்டுக்கு வந்தா மரியாதையாப் பேசு, இல்லேன்னா வராத."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். குஸ்னான் இடுப்பை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி, பெரியவர்கள் முன் நடக்கிற மாதிரி நடந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. நல்லபடியா போயிட்டு வந்தீங்களா?"

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் தேவலை. வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்துவிடலாம். இந்தக் கல்லுளிமங்கன் தினமும் வருகிறான்! ரயில்வே கேட்டுக் காப்பிக் கடையில் அதே பெஞ்சில் உட்காருகிறான், டொமினோ ஆடுகிறான், போகும்போது "உத்தரவு வாங்கிக்கறேங்க" என்கிறான். தர்முஜி மூன்றாம் நாளே, "போதும்டா, விளையாடாத" என்று சொல்லிப் பார்த்தார். "விளையாட்டு இல்லீங்க ஐயா. நீங்க சொன்னது நியாயந்தானே" என்று பதில் வந்தது. நியாயமாம்!

எப்படியாவது குஸ்னான் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தர்முஜி கங்கணம் கட்டிக்கொண்டார். டொமினோவில் பச்சையாகக் கள்ள ஆட்டம் ஆடினார். கடைக்காரர் உட்படப் பார்த்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். குஸ்னான், "ஐயாவுக்குக் கை ராசி" என்றார். தர்முஜி அவர் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டி வைத்தார். குஸ்னான் ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளிக்காமல் மிச்சத்தையும் குடித்துவிட்டு நன்றி சொன்னார். கடைசியில், குஸ்னான் பிள்ளையைப் போல வளர்க்கிற புறாவின் கூண்டை யாரும் பார்க்காதபோது தர்முஜி திறந்துவிட்டார். அந்தச் சனியன் பிடித்த புறா வெளியே வந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. குஸ்னான் தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "கூண்டைச் சுத்தம் பண்ண நெனைச்சீங்களா ஐயா? உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து தர்முஜி தட்டைத் தள்ளிவிட்டார். ராவோன் கறிக்குழம்பு மேலே கொழுப்புக் கட்டிக்கொண்டு கிடந்தது.

"ஏழு மாசம் விவிக்! கல்லுகூடக் கரைஞ்சிருக்கும்."

"ஏங்க, அவரை யாரு கேட்டா மரியாதைய? நீங்கதானே வாயத் தொறந்து கேட்டீங்க. கேட்டது கிடைச்சிருக்கு, வெச்சுக்குங்க."

"நான் என்ன அவனை அடிச்சேனா? ஒரு வார்த்தைதானே சொன்னேன்!"

"அவரும் ஒரு வார்த்தைதான் சொன்னாரு."

தர்முஜி எழுந்துபோய் நோட்டை எடுத்தார். மனசிலிருப்பதைப் பாட்டாக எழுதிக் குஸ்னானிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். வரவில்லை. வசை இல்லாமல் எழுதினால் அரசாங்க வாழ்த்துக் கடிதம் மாதிரி இருந்தது. வசையோடு எழுதினால் அந்தப் பதினோரு வசைப் பாட்டின் நாற்றம் வந்தது. நேர்ச்சை வேறு தொண்டையில் நின்றது. உம்ராவுக்குப் பிறகு அவர் எழுதிய மழைப் பாட்டையும் அம்மா பாட்டையும் பாடகிகள் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். "அண்ணே, நல்லாத்தான் இருக்கு, ஆனா திட்டு எங்கே?" என்று ஒருத்தி போனிலேயே கேட்டாள். இன்னொரு பக்கம் பழைய பாட்டிலிருந்து அந்த ஒற்றை வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து, பூனை கீழே விழுகிற வீடியோவுக்கெல்லாம் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பனியனில்கூட அச்சடித்துவிட்டார்கள். சோறும் இல்லை, எறும்பும் இல்லை, கப்பலும் இல்லை, வார்த்தை மட்டும்.

ஆகஸ்ட் வந்தது. சுதந்திர தினத்துக்குத் தெருவெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி கட்டினார்கள். வார்டுத் தலைவர் ஹரியந்தோ கடைக்கு வந்தார்.

"அண்ணே, பதினேழாம் தேதி சாயங்காலம் மேடையில உங்க பாட்டு வேணும். நீங்களே பாடணும். ஆனா ஒண்ணு... துணை வட்டாட்சியர் அம்மா வர்றாங்க. உஸ்தாது இருப்பாரு. உங்க சம்பந்திகூட வர்றாராமே. அந்த இடத்துல மட்டும் 'நண்பரே'ன்னு போட்டுக்குங்களேன்."

தர்முஜிக்குச் சுருக்கென்றது. உஸ்தாது, ஹரியந்தோ, சம்பந்தி. அன்று பாயில் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள்.

"மத்தளம் யாரு?"

"வேற யாரு? குஸ்னான் அண்ணன்தான்."

தர்முஜி தலையாட்டினார். ஆனால் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டார். நேர்ச்சையை அல்லாஹ்விடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மேடையில், அதே ஆட்கள் முன்னால், குஸ்னானைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வது. சொல்லிவிட்டால் அவன் பதிலுக்குச் சொல்லாமலா இருப்பான்?

ஒத்திகையில் குஸ்னான் பணிவாகக் கேட்டார்: "மூணாவது வரியில 'நண்பரே' தானுங்களே ஐயா? தாளம் ஒரு அடி தள்ளும், அதுக்காகக் கேட்டேன்."

"நீ வாசி."

"உத்தரவுங்க."

பதினேழாம் தேதி தொங்கவிட்ட அப்பளத்தைக் கடிக்கிற போட்டி முடிந்து, கிரீஸ் தடவிய கம்பத்தில் ஏறியவர்கள் எல்லாம் வழுக்கி விழுந்து முடிந்த பிறகு, தர்முஜி மேடை ஏறினார். முன்வரிசையில் அந்த மூன்று பேரும், நடுவில் துணை வட்டாட்சியர் அம்மாவும். பின்னால் தெரு முழுக்கத் தலைகள். மத்தளம் நன்றாகத்தான் பேசிற்று. முதல் வரி போயிற்று. எறும்பு தின்ற வரியும் போயிற்று. தர்முஜி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு குஸ்னான் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து, "எங்கடா போன..." என்றார்.

அதற்குள் தெருவே அந்த வார்த்தையைக் கத்திவிட்டது.

பிள்ளைகள் கத்தின. தெருமுனையில் அரிசிப் பலகாரம் அவித்து விற்கிற அம்மாக்கள் கத்தினார்கள். ஹரியந்தோவின் பெண்டாட்டி கத்தினாள். எல்லார் கையிலும் போன், எல்லார் போனும் தலைக்கு மேலே. துணை வட்டாட்சியர் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக் கை தட்டினார். தர்முஜியின் வாய் திறந்தபடியே இருந்தது. அவருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. குஸ்னானைப் பார்த்தார். குனிந்த தலை நிமிராமல், உதடு அசையாமல், தாளத்தை ஒரு இம்மி பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

தர்முஜிக்கு வந்ததே கோபம்!

"நிறுத்துங்கய்யா! எல்லாம் நிறுத்துங்க!"

கீபோர்டு நின்றது, மத்தளம் நின்றது. கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் அந்த வார்த்தையைக் கத்தினார்கள்.

"வாய மூடு! அது உங்க வார்த்தை இல்ல. பூனைக்கும் பனியனுக்கும் நான் எழுதல. இதோ உக்காந்திருக்கானே, இவன் கப்பல்ல எறங்கி வந்தப்ப, செத்துட்டான்னு நெனைச்சவன் உசுரோட வந்தப்ப, வேற வார்த்தை கிடைக்காம வந்தது அது. இவனுக்கு எழுதினது. இவன் ஒருத்தனுக்கு. முதல்ல கண்மணின்னு அதை வித்தது நான். அப்புறம் ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் அள்ளிக் குடுத்ததும் நான். கடைசியில இவன் என் வாசல்ல வந்து ஆசையா அதைச் சொன்னப்ப, வெக்கப்பட்டு இவனை அடக்கினவனும் நாந்தான். ஹரியந்தோ, நீ பாத்த. உஸ்தாது, நீங்க பாத்தீங்க. சம்பந்தி, உங்களுக்கு பயந்துதான் செஞ்சேன், மன்னிச்சுக்குங்க. இப்ப உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் வீட்டுல இவன் என்ன வேணா பேசலாம். எப்படி வேணா பேசலாம். இவன் பேசாத வீடு எனக்கு வேண்டாம்."

தெருவில் கொடித்தாள் மட்டும் படபடத்தது. மேடையில் வந்து ஒரு மனுஷன் இப்படிப் பேசுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, தர்முஜியும் எதிர்பார்க்கவில்லை. இனி அந்த வார்த்தையைச் சொன்னாலும் அது ஊர் சொன்ன எச்சில்தான். அவரிடம் பாக்கி இருந்தது ஒரே ஒரு வரி. இப்போதெல்லாம் கூச்சலில் யார் காதிலும் விழாத நாலாவது வரி. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, தாளமில்லாமல், உடைந்த குரலில் அதைப் பாடினார்.

"இளைச்சுப் போயிட்டியே... சாப்பிட்டியாடா?"

குஸ்னான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு தலையைத் தாழ்த்தி, எட்டு மாதமாகச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"சாப்பிட்டேங்க ஐயா."

அவ்வளவுதான், முடிந்தது என்று தர்முஜி நினைத்தார். கூட்டத்தைப் பார்க்க முடியாமல் மைக்கை அதன் கம்பியில் மாட்டத் திரும்பினார். அப்போது பிடரியில் சொத்தென்று ஈரமாக ஏதோ வந்து விழுந்தது. குஸ்னானின் துண்டு.

"இதைக் கேக்கறதுக்கு எட்டு மாசமாடா, ஜன்ச்சோக்?"